கழுகுமலை: மேலிருந்து கீழே

கழுகுமலையில் பாறையை மேலிருந்து வெட்டி உருவாக்கி, பாதியில் நின்றுபோன வெட்டுவான் கோயிலுக்குப் போகிற பலரும் அதைத் தவறான இடத்திலிருந்து பார்க்கத் தொடங்குகிறார்கள். படியிறங்கி நேராக முகப்புக்குப் போய் நின்று, இரண்டு படம் எடுத்து, உள்ளே இருக்கும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மொத்தம் பத்து நிமிடம். திரும்பும்போது, "கீழே பாதி வேலை அப்படியே கிடக்கே, என்ன இது?" என்று ஒரு குறையும் சொல்வார்கள். அந்தப் பாதி வேலையைப் படிக்கத் தெரிந்துவிட்டால், இந்த மலையில் அரை நாள் போவது தெரியாது.

அதற்கு வழி ஒன்றுதான். சிற்பி எந்த வரிசையில் வேலை செய்தாரோ, அதே வரிசையில் பார்க்க வேண்டும். அவர் மேலிருந்து கீழே இறங்கியவர். நாமும் முதலில் பாறையின் விளிம்பில் நின்று சிகரத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே கீழே இறங்க வேண்டும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். நெல்லைச் சீமையில் மலைக்கோட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. திண்டுக்கல் போல, செஞ்சி போல இங்கே மலைமேல் கோட்டை கிடையாது. இந்தச் சீமையின் பாளையக்காரர்கள் கரிசல் சமவெளியில் மண்கோட்டை கட்டினார்கள். பீரங்கிக் குண்டு பட்டால் கல் சுவர் சிதறும். தடித்த மண் சுவரோ குண்டைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். அதனால்தான் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடிக்கக் கும்பினிப் படை அத்தனை பாடுபட்டது. 1801இல் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகே அதற்கு ஓய்வு கிடைத்தது. சமவெளியைக் கோட்டைக்கு விட்டுவிட்டு, மலையைத் தெய்வத்துக்கும் துறவிகளுக்கும் கொடுத்த சீமை இது. அந்த மலைகளில் கழுகுமலைக்கு ஈடு இன்னொன்று இல்லை என்பது என் முடிவு.

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில், ஏறத்தாழ நடுவில் இருக்கிறது ஊர். இரண்டு பக்கமும் இருபது கிலோமீட்டர் சுமார். இரண்டு ஊர்களுக்கும் ரயில் உண்டு. கோவில்பட்டி மதுரை – திருநெல்வேலி வழித்தடத்தில் வரும். சங்கரன்கோவில் விருதுநகர் – செங்கோட்டை வழித்தடத்தில் வரும். இரண்டு ஊர்களிலிருந்தும் பஸ் கிடைக்கும். திருநெல்வேலியிலிருந்து காரில் வருகிறவர்கள் நான்குவழிச் சாலையில் கயத்தாறு தாண்டிக் கோவில்பட்டி போய் மேற்கே திரும்பலாம். 1799 அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் கயத்தாறு. நினைவிடம் இருக்கிறது, போகிற வழியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். ஒரு காலத்தில் எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்திருந்த கழுகுமலை, 1986இல் மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடிக்குப் போயிற்று. பேச்சும் சந்தையும் பெண் கொடுத்து எடுப்பதும் இன்னும் பழைய நெல்லைச் சீமையாகவே இருக்கின்றன.

கரிசல் காட்டுக்கு நடுவே தனியாக எழுந்த மொட்டைப் பாறை என்பதால் தூரத்திலேயே மலை தெரிந்துவிடும். ஊருக்குள் வந்ததும், மலையடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். அதற்கு முதலில் போகாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மலையேறும் பாதையை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கேட்கும்போது "அண்ணாச்சி, வெட்டுவான் கோயிலுக்கு எப்படிப் போகணும்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "கோயில் எங்கே" என்றால் முருகன் கோயில் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஊர்க்காரர்களுக்குக் கோயில் என்றால் அதுதான்.

ஏற்றம் பெரிதில்லை. பாறையிலேயே வெட்டிய படிகள்தான். நிதானமாக ஏறினால் பதினைந்து இருபது நிமிடம். ஆனால் இந்த மலையில் சிரமப்படுகிறவர்கள் ஏற்றத்தால் சிரமப்படுவதில்லை, வெயிலால்தான். பாறையில் மரநிழல் குறைவு. காலை ஒன்பது மணிக்கு மேல் கருங்கல் சூடு பிடிக்கத் தொடங்கும். பதினொன்றுக்குள் சித்திரை, வைகாசி மாதங்களில் வெறுங்காலை வைக்க முடியாது. வழியில் செருப்போடு நடக்கலாம் என்றாலும், கோயில் முன்பும் சமணத் திருமேனிகள் முன்பும் கழற்றத்தான் வேண்டும். கொதிக்கிற பாறையில் துள்ளித் துள்ளி நிற்கிறவரால் ஒரு சிற்பத்தைக்கூடப் பொறுமையாகப் பார்க்க முடியாது. தடித்த பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். சின்ன விஷயம்தான், நாளையே மாற்றிவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே கடை கிடையாது. தின்பண்டத்தைக் கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோக வேண்டாம். குரங்கு கண்டால் பை உங்களுடையதாக இராது. முதுகுப்பைக்குள் வைத்து ஜிப் போட்டுவிடுங்கள்.

மழை இதைவிட ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் பாறை மேல் பாசி படரும். காய்ந்திருக்கும்போது கறுப்புக் கறை போலத் தெரிகிற இடமெல்லாம் நனைந்தால் வழுக்கும். தண்ணீர் வழிந்து இறங்கிய கறுப்புத் தடத்தில் கால் வைக்காமல், வெளுத்த, சொரசொரப்பான பாறையில் நடக்க வேண்டும். இறங்கும்போது உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள். குதிகால் வழுக்குவதற்கு அதுதான் காரணம். முழங்காலை மடக்கி, பாதம் முழுவதும் படும்படி வைத்து இறங்க வேண்டும். இடி உறுமத் தொடங்கினால் மறுபேச்சில்லாமல் இறங்கிவிடுங்கள். சுற்றிலும் தட்டையான கரிசல் காடு, நடுவே மொட்டைப் பாறை, அதன் உச்சியில் ஓர் ஆள் என்றால் மின்னலுக்கு எளிய இலக்கு. கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலையில் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த மாதம் நல்லது? வெயிலை மட்டும் பார்த்தால் மார்கழி, தை என்று சொல்லிவிடலாம். சிற்பத்தைப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. கழுகுமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் நாளை ஒட்டி இங்கே உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதன் பிறகு ஆவணி நடு வரைக்கும் உச்சிப் பொழுதில் வெயில் வடக்கிலிருந்து விழும். அந்த நாலு மாதத்துக்கு மேலான காலத்தில் கோயிலின் தென்முகத்தில் நடுப்பகல் வெயில் படாது. வெட்டுவான் கோயிலின் உயிரே தென்முகத்தில்தான் இருக்கிறது. மார்கழியில் உச்சி வேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 57 பாகை உயரத்தில்தான் நிற்கும். அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் சிற்பத்தின் மூக்கும் விரலும் தனித்தனியே எழும்பித் தெரியும். ஆகவே புரட்டாசிக்கும் பங்குனிக்கும் இடையில், மழை இல்லாத ஒரு காலைப் பொழுதைத் தேர்ந்துகொள்ளுங்கள். மார்கழி, தை முதல் தரம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று உடம்புக்கு இதமாக இருக்கும். ஆனால் உச்சியில் தொப்பி நிற்காது, கண்ணில் புழுதி விழும், தென்முகமும் மங்கலாகத்தான் தெரியும்.

இப்போது விளிம்புக்கு வருவோம்.

மலைச்சரிவில் செவ்வகமாக ஒரு பகுதியை 7.5 மீட்டர் ஆழத்துக்கு வெட்டி, நடுவே ஒரு பெரிய பாறைத் துண்டைத் தனியாக நிற்க விட்டு, அந்தத் துண்டையே கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். மூன்று பக்கம் மலை. கிழக்கு மட்டும் திறப்பு. ஒரு கல்கூடக் கொண்டுவந்து அடுக்கியதில்லை. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்து வேலை என்று கொள்கிறார்கள். அதே நூற்றாண்டில்தான் எல்லோராவில் இராஷ்டிரகூடர்கள் கைலாசநாதர் கோயிலை மலையிலிருந்து இதே முறையில் வெட்டி எடுத்தார்கள். மாமல்லபுரத்து ரதங்கள் அதற்கும் ஒரு நூற்றாண்டு முந்தியவை. ஆனால் அவை மணலில் கிடந்த தனிப் பாறைகளிலிருந்து பிறந்தவை. மலைக்குள்ளேயே பள்ளம் தோண்டி, நடுவில் கோயிலை மீதம் வைக்கும் முறைக்குத் தமிழ்நாட்டில் கழுகுமலையே சான்று.

மேலிருந்து பார்க்கும்போது எட்டுப் பட்டையாக, மொட்டு விரிவது போலச் சிகரம் தெரியும். சிகரத்துக்குக் கீழே கழுத்துப் பகுதி. அதைக் கிரீவம் என்பார்கள். அதன் மூலைகளில் நந்திகள் படுத்திருக்கும். ஒவ்வொரு திசைக்கும் ஒரு தெய்வம்: கிழக்கே உமையோடு சிவன், தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே திருமால், வடக்கே பிரமன். அதற்கும் கீழே வளைந்து இறங்கும் கபோதம், அதாவது கல்லில் செய்த கூரை விளிம்பு; அதில் கூடுகள் எனப்படும் வளைவு அலங்காரங்கள்; கபோதத்தின் அடியில் வரிசையாகப் பூதகணங்கள். இவ்வளவு வரைக்கும் முடிந்த வேலை. நகைவேலை போல முடிந்த வேலை. அதற்குக் கீழே பார்வையை இறக்குங்கள். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் உளி பட்ட பாறை. அடித்தளம் இருக்க வேண்டிய இடத்தில் அதுவும் சரியாகத் துலங்கவில்லை.

இந்தக் கோடு, முடிந்ததும் முடியாததும் சந்திக்கிற இந்தக் கோடுதான் கழுகுமலையின் பாடம். கட்டுமானக் கோயிலாக இருந்து வேலை பாதியில் நின்றிருந்தால், அடித்தளம் முழுதாகவும் சிகரம் இல்லாமலும் நிற்கும். இங்கே தலைகீழ். ஏன் சிகரத்தை முழுதாக முடித்துவிட்டுக் கீழே இறங்கினார்கள்? மொத்தத்தையும் முதலில் முரட்டு உருவமாக வெட்டிக்கொண்டு, பிறகு நுணுக்கவேலை செய்திருக்கலாமே?

சாரம்தான் காரணம். மேலே வேலை நடக்கும்போது, சுற்றிலும் வெட்டாத பாறையே தளம். சிற்பி அதில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சிகரத்தின் முகத்தைக் கண் உயரத்தில் வைத்துச் செதுக்கலாம். நுணுக்கவேலை முடிந்த பிறகு தளத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்துவார்கள். அடுத்த வரி கண் உயரத்துக்கு வரும். அவசரப்பட்டு முதலில் பள்ளத்தை முழுதாகத் தோண்டிவிட்டால், மேல்வேலைக்கு 7.5 மீட்டருக்குச் சாரம் கட்ட வேண்டும். ஆடுகிற சாரத்தில் நின்று விரல் நகம் செதுக்க வேண்டும். இன்றும் கல்தச்சர்களுக்கு உட்கார்ந்து செய்யும் வேலையில் வரும் சுத்தம், தொங்கி நின்று செய்யும் வேலையில் வராது. ஆகவே வேலை நின்ற நாளில் தளம் எந்த உயரத்தில் இருந்ததோ, அதை ஒட்டித்தான் முடிந்த சிற்பமும் நிற்கும். விளிம்பில் நின்று பார்க்கும்போது அந்த உயரம் சட்டென்று பிடிபடும். முகப்பில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு அது பிடிபடாது. அவருக்குக் குறை மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 டன் எடை. ஓர் ஆள் நீளம், அகலம், உயரம்கூட இல்லாத ஒரு கட்டிக்கே அவ்வளவு. அப்படி எத்தனை கட்டி அந்தப் பள்ளத்திலிருந்து வெளியேறியிருக்கும் என்று விளிம்பிலிருந்து கண்ணாலேயே அளந்துவிடலாம். வெளியேற வழி கிழக்கு ஒன்றுதான். பள்ளம் ஆழமாக ஆழமாக மழைத்தண்ணீரும் தேங்கும். அதுவும் கிழக்கேதான் வடிய வேண்டும். உளி மழுங்க மழுங்கக் காய்ச்சித் தட்டித் தர உலையும் கொல்லனும் பக்கத்திலேயே வேண்டும். சிற்பியை மட்டும் புகழ்கிறோம். சல்லி சுமந்தவர்களும் துருத்தி ஊதியவர்களும் இல்லாமல் அந்தச் சிகரத்தில் ஒரு பட்டைகூட எழுந்திருக்காது.

தவறுக்கு இங்கே மாற்று கிடையாது. கட்டுமானத்தில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். இங்கே நந்தியின் காது உடைந்தால் உடைந்ததுதான். அதனால் கல்தச்சர்கள் எப்போதும் கொஞ்சம் மிகை விட்டுத்தான் உருவத்தை இறக்குவார்கள். கடைசிச் சுற்றில்தான் மிகையைச் செதுக்கி எடுப்பார்கள். கீழே இறங்கியதும் முடியாத பகுதிகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். வெறும் பாறை என்று நினைத்த இடத்தில், வரவேண்டிய உருவத்துக்கு ஒதுக்கிய மிகை புடைத்து நிற்கும்.

இனி இறங்கலாம். இறங்கியதும் முதலில் தென்பக்கம்.

தட்சிணாமூர்த்தி என்றால் மௌனமாக ஆலமரத்தடியில் உபதேசிப்பவர். இல்லையென்றால் வீணை ஏந்திய வீணாதர தட்சிணாமூர்த்தி. இங்கே அவர் கையில் மத்தளம். மடியின் குறுக்கே மத்தளம் கிடக்க, இரண்டு கைகளும் அதன் மேல் இருக்கின்றன. முகத்தில் அதட்டல் இல்லை, உபதேசம் இல்லை. தாளத்துக்குள் போய்விட்ட ஒருவரின் இளக்கம். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கக்காரர் முகத்தைக் கவனித்தவர்களுக்கு இந்த முகம் உடனே புரியும்: பார்வை வெளியே இருக்கும், கவனம் விரல் நுனியில் இருக்கும். கருங்கல்லில் அதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். காலை வெளிச்சம் கிழக்கிலிருந்து பக்கவாட்டில் விழும்போது, கன்னத்துக்கும் மத்தளத்துக்கும் நடுவே நிழல் கோடு கட்டும். அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். கழுத்துப் பகுதியில் இருக்கும் உருவத்தைக் கீழேயிருந்து வெறுங்கண்ணால் பார்ப்பதற்கும் பைனாகுலரில் பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

பூதகணங்களையும் விட்டுவிடாதீர்கள். ஒன்றைப் போல ஒன்று இராது. மேற்கு முகம் காலையில் நிழலில்தான் இருக்கும். பின்னால் மலைச்சுவர் எழுந்து நிற்பதால் மாலையிலும் சீக்கிரம் இருட்டிவிடும். அதைப் பார்க்கப் பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் வர வேண்டும். வெயிலில் அது எல்லாருக்கும் முடியாது, மார்கழியில் முடியும்.

கோயில் ஏன் பாதியில் நின்றது என்று ஊரில் கேட்டால் கதை சொல்வார்கள். தந்தை, மகன் இருவரும் சிற்பிகள், போட்டி, மகனின் வேலைதான் உயர்வு என்ற பேச்சு தந்தையின் காதில் விழுகிறது, ஆத்திரத்தில் மகனையே வெட்டிவிடுகிறார். முடியாத கல்வேலை இருக்கும் பல ஊர்களில் இதற்கு ஒப்பான கதை உண்டு. கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்கிற ஆச்சிமார்கள் அழகாகச் சொல்வார்கள். ஆனால் அதோடு நின்றுவிட்டால், பாறையே சொல்லிக்கொண்டிருக்கிற செய்முறை காதில் விழாமல் போய்விடும். கருவறைப் பிள்ளையார் பிற்காலத்தில் வைத்தவர். இந்த வேலையைத் தொடங்கியவர்கள் சிவனுக்காகத்தான் தொடங்கினார்கள் என்பதை மேலே சுற்றியிருக்கிற உருவங்களே சொல்கின்றன.

அங்கிருந்து சமணப் பகுதிக்குப் போகலாம். ஊர் வழக்கில் சமணர் படுக்கை. பாறை முகத்தில் நீள வரிசையாகத் திருமேனிகள், சுமார் 150 இருக்கும். பக்கத்தில் அய்யனார் கோயில். புத்தர் சிலை என்று சொல்லிக்கொண்டு படம் எடுக்கிறவர்களை இங்கே நிறையப் பார்க்கலாம். தலைக்கு மேல் முக்குடை, அதாவது மூன்றடுக்குக் குடை, இருந்தால் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர். அடையாளம் அவ்வளவுதான், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். பெரும்பாலான திருமேனிகள் சின்னச் சின்ன மாடங்களில், ஒரே அமைதியில் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சு என்று தோன்றும். நான்கைந்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தோள் அகலமும் குடையின் மேல் படர்ந்த கொடியும் ஆளுக்கு ஆள் மாறுவது தெரியும். பல கைகள் செய்த வேலை.

பெரிய உருவங்களில் மூன்றை நின்று பாருங்கள். ஒன்று பார்சுவநாதர், பாம்புப் படம் குடை பிடிக்க நிமிர்ந்து நிற்பார், மேலே அவருடைய பகைவன் கமடன் பாறையைத் தூக்கி எறிய வருவான். எறிகிறவனின் வேகமும் நிற்கிறவரின் அசையாமையும் ஒரே கல்லில். இரண்டாவது பாகுபலி, தவத்தில் நின்றே காலில் கொடி சுற்றியவர், இரண்டு பக்கமும் சகோதரிகள். மூன்றாவது அம்பிகை இயக்கி. சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்பவள். இயக்கி என்ற சொல்தான் நம் பக்கத்தில் இசக்கி ஆயிற்று. தெருவுக்குத் தெரு இசக்கியம்மன் இருக்கும் சீமையில் வளர்ந்தவர்கள் இந்தத் திருமேனி முன் நிற்கும்போது, கையில் பிள்ளை வைத்திருக்கும் இசக்கி நினைவுக்கு வராமல் போகாது.

திருமேனிகளுக்குக் கீழே எழுத்துகள். சுமார் 100 கல்வெட்டுகள் இந்தப் பாறையில் உண்டு, வட்டெழுத்து. பாண்டிநாட்டின் சொந்த எழுத்து அது. சோழர் ஆட்சி இங்கே நிலைத்த பிறகு மெல்ல மறைந்தது. இன்றைய தமிழ் எழுத்து தெரிந்ததை வைத்து அதைப் படித்துவிட முடியாது. ப, ய, வ மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும், புள்ளி இராது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது. ஆனாலும் ஒரு பிடி இருக்கிறது. பல கல்வெட்டுகள் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. தொடக்கத்தில் "ஸ்ரீ", அது கிரந்த எழுத்து என்பதால் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரியும். அடுத்து ஓர் ஊர்ப்பெயர், ஆள்பெயர். முடிவில் "செய்வித்த திருமேனி". இந்த முடிவை ஒரு கல்வெட்டில் அடையாளம் கண்டுவிட்டால், பக்கத்துக் கல்வெட்டிலும் அதே வடிவங்கள் வருவது தெரியும். அரை மணி நேரத்தில் ஐந்தாறு எழுத்து உங்கள் கைக்கு வந்துவிடும்.

எழுத்து தெரியாமல் போவதற்கு வெளிச்சம் நேராக விழுவதே காரணம். சின்ன டார்ச் ஒன்று எடுத்துப்போங்கள். பாறையை ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் எழுத்தின் மேல் சாய்ந்து வழுக்கிப் போகும்படி அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பிவிடும். போனில் படம் எடுக்கும்போது பிளாஷ் போடாதீர்கள், அது நேரடி வெளிச்சம், எழுத்தைத் தட்டையாக்கிவிடும். ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் படம் எடுப்பது நல்லது. இடப்பக்கத்திலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என இரண்டு படம் எடுங்கள். ஒரு கோணத்தில் மறைந்த கோடு இன்னொரு கோணத்தில் தெரியும்.

செய்யக்கூடாதது: சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது, தண்ணீர் ஊற்றித் துணியால் அழுத்தித் துடைப்பது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் வெயிலும் மழையும் தின்ற மேற்பரப்பு அது. தேய்க்கத் தேய்க்கப் பொருக்கு உதிரும். எண்ணெயில் புழுதி ஒட்டி, அந்தக் கறுப்புக் கறை பிறகு போகவே போகாது. கல்வெட்டின் மேல் தாள் ஒட்டி மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு செய்கிற வேலை. பெயர் கீறுகிறவர்களை நேரில் கண்டால் தடுக்கத் தயங்காதீர்கள். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். முக்காலி நிறுத்திப் படம் எடுப்பதற்கும் டிரோன் பறக்கவிடுவதற்கும் முன்கூட்டியே துறையிடம் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெயர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. அரசர் செய்வித்தது என்று எண்ணி வருகிறவர்களுக்கு இங்கே கிடைப்பது தச்சர்கள், குயவர்கள், வேளாளர்கள். கூடவே குரத்தியர், அதாவது பெண் ஆசிரியர்கள். திருச்சாரணத்துக் குரத்திகள் என்று வருகிறது. திருச்சாரணம் இன்றைய குமரி மாவட்டச் சிதறால் மலை. அங்கிருந்து இங்கே வந்து திருமேனி செய்வித்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில், சமயம் கற்பிக்கும் பெண்கள் தம் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த இடம் தமிழ்நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது? பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டி வரும் ஆசிரியர்கள் இந்த ஒன்றையாவது நின்று சொல்ல வேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன்.

கோட்டை தேடி வந்தவர்களுக்கும் மலை ஒன்று வைத்திருக்கிறது. பாண்டியன் மாறஞ்சடையனின் 23ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, மலைநாட்டுச் சடையன் கருநந்தன் என்ற ஆய் மன்னன் மேல் படை போய் அரிவியூர்க் கோட்டையை அழித்த செய்தியையும், அந்தப் போரில் உயிர் விட்ட வீரர்களையும் சொல்கிறது. கோட்டை இல்லாத மலையில், கோட்டை ஒன்று விழுந்த கணக்கு எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த மலைக்கு அரைமலை என்று பெயர்.

நேரம் மிச்சமிருந்து கால் ஒத்துழைத்தால் உச்சிப் பிள்ளையார் வரை ஏறலாம். அங்கிருந்து பார்த்தால் கரிசல் காடு நாலா பக்கமும் தெரியும். மேற்கே வானம் தெளிவாக இருந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்கோடும் தெரியும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தப் பகுதியைக் காலையில் முதலில் முடித்துவிடலாம். பிறகு வெயில் ஏறிவிடும்.

கடைசியாகக் கழுகாசலமூர்த்தி. காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கியவர் பத்தரைக்குள் இறங்கிவிடலாம். மதியம் நடை சாத்துவதற்கு முன் தரிசனம் கிடைக்கும். தைப்பூசம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் நாட்களில் கூட்டமும் வண்டி நிறுத்தமும் வேறு மாதிரி. சிற்பம் பார்க்க வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், கும்பிட வருகிறவர்கள் அந்த நாட்களிலேயே வாருங்கள். இந்தக் கோயிலைக் கடைசிக்கு வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: மேலே மலையை வெட்டி அப்புறப்படுத்திக் கோயிலை மிச்சம் வைத்தார்கள். கீழே கோயில் அளவுக்கு மலையைக் குடைந்து எடுத்து, மலையை மிச்சம் வைத்தார்கள். கருவறை மலைக்குள் இருக்கும் குடைவரை. மேலே தனி விமானம் கிடையாது, நீங்கள் இறங்கி வந்த மலைதான் விமானம். மேலே உள்ளதை முதலில் பார்த்துவிட்டு வந்து சந்நிதியில் நிற்கும்போது, தலைக்கு மேல் எவ்வளவு கல் இருக்கிறது என்பது உடம்புக்கே தெரியும். மயிலின் மேல் அமர்ந்த முருகனைக் கும்பிட்டுவிட்டு வலம் வர நினைத்தால், கருவறைக்குப் பின்னால் வழி கிடையாது. கிரிவலப் பாதையில் இறங்கி, மலையையே ஒரு சுற்று சுற்றி வர வேண்டும்.